கூடாரத்தில் சீபேப்: 12 வோல்ட் பெட்டி ஒன்று கட்டிய பதிவு

தூக்கத்தில் மூச்சு தடைப்படுகிறவர்களுக்கு மாஸ்க் வழியாகக் காற்றை ஊதும் இயந்திரம் சீபேப். கரண்ட் இல்லாத கூடாரத்தில் அதை பேட்டரியில்தான் ஓட்ட வேண்டும். அந்த வகையில் ஒன்றான ரெஸ்மெட் ஏர்சென்ஸ் 10 இயந்திரத்தின் அடாப்டரைத் திருப்பிப் பார்த்தால் 24 வோல்ட், 90 வாட் என்று இருக்கும். அதைப் பார்த்ததும் பலரும் போடும் கணக்கு இது: 90 வாட், எட்டு மணி நேரம், மொத்தம் 720 வாட்-மணி, லோரி பேட்டரி இல்லாமல் ஆகாது. பெருக்கல் சரி, எடுத்துக்கொண்ட எண்தான் தப்பு. 90 வாட் என்பது அந்த அடாப்டரால் கொடுக்க முடிகிற உச்சம். காற்றை ஊதும் மோட்டார் அதில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கைத்தான் தின்கிறது. மிச்சமெல்லாம் ஈரப்பதனியில், அதாவது ஊதும் காற்றை ஈரமாக்கும் தொட்டியில், தண்ணீரைச் சுட வைக்கும் தட்டுக்கும் குழாய்க்குள் ஓடும் சூட்டுக் கம்பிக்கும் போகிறது. சூட்டை நிறுத்திவிட்டால், ஆட்டோகேட் பேட்டரியைவிடச் சற்றே பெரிய ஒரு பெட்டி இரண்டு இரவுக்குப் போதும்.

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் ஒரு தோட்ட வீட்டின் முன்கூடத்தில் கட்டி, நான்கு இரவு அளந்து பார்த்த பெட்டியின் பதிவு இது. ஆற்றங்கரைக் கூடாரத்தை மனத்தில் வைத்துக் கட்டியது. லாத்தா கிஞ்சாங் பக்கம் போகிறவர்களுக்கும், கேமரன் மலையில் கூடாரம் போடுகிறவர்களுக்கும், பங்குனி உத்திரத்துக்கு மாரானில் தங்குகிறவர்களுக்கும் பொருந்தும். இடி இடித்துத் தோட்டத்தில் கரண்ட் போகும் இரவுகளிலும் இதே பெட்டி கைகொடுக்கும்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். இது தூக்கத்தில் மூச்சு தடைப்படுகிறவர்கள் பயன்படுத்தும் சீபேப், ஆட்டோ சீபேப் இயந்திரங்களுக்கு மட்டும். வென்டிலேட்டரை நம்பி மூச்சு விடுகிறவர்களும், ஆக்சிஜன் இயந்திரம் வைத்திருப்பவர்களும் இந்தப் பெட்டியை நம்பிக் காட்டுக்குப் போகக் கூடாது. அவர்களுக்கு வேண்டியது மருத்துவமனை ஒப்புக்கொண்ட மாற்று மின்சாரம்.

அளந்த பிறகுதான் பேட்டரி

பேட்டரிக்கும் இயந்திரத்துக்கும் நடுவில் மாட்டும் சின்ன டிசி வாட் மீட்டர் ஒன்று வாங்குங்கள். வோல்ட், ஆம்பியர், வாட்-மணி மூன்றையும் காட்டும் வகை. ரேடியோ கார், டிரோன் ஓட்டுகிறவர்கள் வைத்திருப்பது இதுதான். இணையக் கடைகளில் கிடைக்கும். இந்த வேலைக்கு வாங்கும் பொருள்களில் இதுவே முதலில் வர வேண்டும்.

அழுத்தம் 10 செ.மீ. நீர் என்று நிலையாக வைத்து, மூக்கு மாஸ்க் போட்டு எடுத்த அளவுகள் இவை. எல்லாமே 12 வோல்ட் பக்கத்தில், அதாவது 12 வோல்ட்டை இயந்திரத்துக்கு வேண்டிய 24-க்கு ஏற்றும் கன்வெர்ட்டர் தின்பதையும் சேர்த்து எடுத்தவை.

முதல் இரவு ஈரப்பதனி நிறுத்தம், சாதாரணக் குழாய், ஏழு மணி நாற்பது நிமிடம்: 71 வாட்-மணி, 5.4 ஆம்பியர்-மணி. சராசரி 9 வாட்டுக்குக் கொஞ்சம் மேல்.

இரண்டாம் இரவு ஈரப்பதனி 4-ல், அதே குழாய், ஏழரை மணி: 186 வாட்-மணி.

மூன்றாம் இரவு ஈரப்பதனி 4, சூட்டுக் குழாய் 27 டிகிரி, ஏழரை மணி: 251 வாட்-மணி.

நான்காம் இரவு ஈரப்பதனியும் இல்லை, சூட்டுக் குழாயும் இல்லை. ஆனால் 300 வாட் இன்வெர்ட்டர் வைத்து, வீட்டில் செருகும் அதே அடாப்டரை அதில் செருகி ஓட்டியது, ஏழரை மணி: 139 வாட்-மணி.

முதல் இரவையும் நான்காம் இரவையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இயந்திரம் செய்தது அதே வேலை. செலவு கிட்டத்தட்ட இரட்டிப்பு. இன்வெர்ட்டரை எதுவும் செருகாமல் வெறுமனே போட்டு வைத்தாலே 8 வாட் இழுத்தது, இயந்திரம் இழுப்பதற்குக் கிட்டத்தட்டச் சமமாக. 12 வோல்ட்டை 240-க்கு ஏற்றி, அதை அடாப்டர் மறுபடி 24-க்கு இறக்கும் இந்தச் சுற்றுவழியில் இரண்டு இடத்தில் சூடாகப் போகிறது. மலிவான இன்வெர்ட்டர்கள் சதுர அலையாக மின்சாரம் கொடுப்பதால் சில அடாப்டர்கள் இரைந்து சுடுவதும் உண்டு. வேறு வழியே இல்லையென்றால் தூய சைன் அலை இன்வெர்ட்டர். இல்லாவிட்டால் அதைத் தொடாமல் இருப்பதே நல்லது.

எண்கள் எல்லாருக்கும் இப்படியே வராது. அழுத்தம் 14, 15 வைத்திருப்பவருக்கு மோட்டார் வேகமாகச் சுழல வேண்டும். மாஸ்க் ஓரத்தில் காற்று கசிந்தாலும் அப்படித்தான்: கசிந்ததை ஈடுகட்ட இயந்திரம் இன்னும் ஊதும். பழைய மாஸ்க் குஷனை மாற்றுவதும் ஒரு வகையில் பேட்டரியைக் காப்பாற்றுவதுதான். உங்கள் இயந்திரத்தை, உங்கள் அழுத்தத்தில், ஒரு முழு இரவு அளந்துவிட்டுக் கடைக்குப் போங்கள்.

சூட்டை நிறுத்துவது

சமவெளியில் இரவுக் காற்று ஏற்கெனவே ஈரமாகத்தான் இருக்கிறது. விடிகாலையில் செம்பனைக்குள் நடந்தால் சட்டை நனைகிற ஊர் இது. சூடான ஈரப்பதனி அதிகம் உதவுவது ஏர்கான் அறைக்கும் குளிர்நாட்டு ஹீட்டர் அறைக்கும்தான். ஆகவே ஆற்றங்கரையில் அதை நிறுத்திவிட்டுத் தூங்கப் பலரால் முடியும். ஆனால் முகாமில் போய் முதல் முறையாக நிறுத்திப் பார்க்காதீர்கள். வீட்டில் மூன்று இரவு, ஏர்கான் இல்லாமல், மின்விசிறியோடு நிறுத்திப் பாருங்கள். மூக்கு காய்ந்து எரிந்தால், அல்லது இரத்தம் கசிந்தால், உங்களுக்கு ஈரப்பதனி வேண்டும். மருத்துவரிடம் சொல்லிவிட்டுப் பெரிய பேட்டரிக்குக் கணக்குப் போடுங்கள். 186 வாட்-மணி இரண்டு இரவுக்கு 372. பேட்டரியில் எண்பது விழுக்காட்டைத்தான் எடுப்பது என்று வைத்தால் 465. அதாவது 20-க்குப் பதில் 40 ஆம்பியர்-மணி.

இடைப்பட்ட வழியும் உண்டு. தண்ணீர்த் தொட்டியில் நீரை ஊற்றி, சூட்டை மட்டும் நிறுத்தி வைப்பது. காற்று நீரின் மேல் தவழ்ந்து கொஞ்சம் ஈரத்தை எடுத்துக்கொண்டு வரும், மின்செலவு கிடையாது. இப்படிச் செய்தால் இயந்திரம் தலைமட்டத்துக்குக் கீழே, சமமான இடத்தில் இருக்க வேண்டும். சாய்ந்தால் நீர் குழாய்க்குள் வரும். தொட்டியில் நீரோடு இயந்திரத்தைத் தூக்கவே கூடாது. நீர் மோட்டார் பக்கம் போனால் இயந்திரம் கெட்டுவிடும்.

ஏர்சென்ஸ் 10-ல் செய்ய வேண்டியது: கிளைமேட் கன்ட்ரோல் 'மேனுவல்', டியூப் டெம்பரேச்சர் 'ஆஃப்', ஹியூமிடிட்டி லெவல் 'ஆஃப்'. அதோடு சூட்டுக் குழாயை வீட்டிலேயே விட்டுவிட்டுச் சாதாரணக் குழாயைக் கொண்டுபோங்கள். கம்பி இல்லாத குழாயை யாராலும் தவறியும் சூடாக்க முடியாது. 'ஏர்பிளேன் மோட்' போட்டுவிடுங்கள். அலைவரிசை எட்டாத பள்ளத்தாக்கில் உள்ளிருக்கும் மோடம் கோபுரத்தைத் தேடித் தேடி மின்சாரத்தைச் செலவழிக்க வேண்டியதில்லை. இரவின் பதிவுகள் எஸ்டி அட்டையில் இருக்கும்.

ஈரப்பதனியைப் பயன்படுத்துகிறவர்களுக்கு இன்னொன்று. காலையில் நிறுத்தியதும் இயந்திரம் அடங்கிவிடாது. சுட்ட தட்டு ஆறுவதற்காக ஒரு மணி நேரம் வரை மெல்லக் காற்றை ஊதிக்கொண்டே இருக்கும். முகாமில் அது வீண்செலவு. எழுந்ததும் பெட்டியின் சுவிட்சை அணைத்துவிடுங்கள்.

எந்த பேட்டரி

ஊரில் எளிதாகக் கிடைப்பது ஆட்டோகேட்டுக்குப் போடும் 12 வோல்ட் 7 ஆம்பியர்-மணி ஈய பேட்டரி. எல்லா மின்சாதனக் கடையிலும் இருக்கும். பெயருக்கு 84 வாட்-மணி. ஆனால் அந்த 7 என்பது இருபது மணி நேரத்தில் மெதுவாக இறக்கினால் கிடைப்பது. எட்டு மணியில் இறக்கினால் அதற்கும் குறைவு. ஈய பேட்டரியைப் பாதிக்கு மேல் இறக்கினால் ஆயுள் சரியும். ஆக நியாயமாக எடுக்கக்கூடியது நாற்பது வாட்-மணி சொச்சம். ஒரு இரவுகூட வராது. இரண்டை இணையாகப் போட்டால் ஒரு இரவு, அதுவும் மட்டுமட்டாக.

கார் பேட்டரியை நேராகப் பயன்படுத்துவதை நாங்கள் பரிந்துரைக்க மாட்டோம். அதன் தகடுகள் மெல்லியவை. என்ஜினை உதைக்க ஒரு நொடிக்கு நூற்றுக்கணக்கான ஆம்பியர் கொடுப்பதற்குச் செய்தவை. மெதுவாக ஆழம் வரை இறக்கினால் சில தடவைகளிலேயே கெட்டுப்போகும். காலையில் கார் கிளம்பாமல், தோட்டத்துச் செம்மண் பாதையில் லோரி வரும் வரை காத்திருக்க வேண்டி வரும்.

எடுத்தது லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரி: 12.8 வோல்ட், 20 ஆம்பியர்-மணி, உள்ளே பிஎம்எஸ் என்ற காவல் பலகையோடு. 256 வாட்-மணி, எடை இரண்டரைக் கிலோ அளவு. முதல் இரவின் கணக்குப்படி இரண்டு இரவுக்கு 142, அதாவது 55 விழுக்காடு. மூன்றாம் இரவும் ஓடும், ஆனால் 83 விழுக்காட்டைத் தொட்டுவிடும். இரண்டு இரவுக்குக் கட்டி, மூன்றாவதைக் கைக்காவலாக வைத்துக்கொள்வதே எங்கள் தீர்ப்பு. மழையில் பாலம் மூழ்கி ஒருநாள் மாட்டிக்கொள்வது நம் ஆறுகளில் நடக்கிற காரியம்.

இந்த வகை பேட்டரியில் ஒரு குணம் உண்டு. வோல்ட்டைப் பார்த்து மிச்சம் எவ்வளவு என்று சொல்ல முடியாது. நிறைந்ததிலிருந்து வெகுநேரம் 13.3-க்கும் 13.0-க்கும் நடுவிலேயே நிற்கும். 12.8-க்குக் கீழே வந்துவிட்டால் கடைசிப் பகுதி. அதற்கப்புறம் சரசரவென்று இறங்கிவிடும். அதனால்தான் வாட்-மணி எண்ணும் மீட்டரைப் பெட்டியிலேயே நிரந்தரமாகப் பொருத்தினோம்.

கடையில் விற்கும் ஆயத்த பவர் ஸ்டேஷன்களும் நல்ல வழிதான். ஆனால் சில மாடல்கள், இழுக்கும் மின்சாரம் மிகக் குறைவாக இருந்தால் 'யாரும் பயன்படுத்தவில்லை' என்று நினைத்துத் தாமாகவே வாயிலை மூடிவிடும். 9 வாட் இழுக்கும் சீபேப் அந்த வலையில் விழக்கூடிய சாமான். அந்தச் சிக்கன அமைப்பை அணைக்க முடியுமா என்று பார்த்து வாங்குங்கள். வாங்கியதும் வீட்டில் ஒரு முழு இரவு ஓட்டிப் பாருங்கள்.

கன்வெர்ட்டர்

ஏர்சென்ஸ் 10, 11 இரண்டும் 24 வோல்ட் இயந்திரங்கள். பிலிப்ஸ் ட்ரீம்ஸ்டேஷன் 12 வோல்ட். உங்களுடையது எது என்று அடாப்டரில் படித்துவிட்டுத் தொடங்குங்கள்.

24 வோல்ட் இயந்திரத்துக்குத் தயாரிப்பாளரே விற்கும் டிசி கன்வெர்ட்டரை வாங்கினோம். காரின் சிகரெட் லைட்டர் துளையில் செருகுவது. 12 வோல்ட்டையும் 24 வோல்ட்டையும் ஏற்கும். சில வெள்ளிக்குக் கிடைக்கும் பச்சைப் பலகை 'பூஸ்ட்' மாட்யூலை வைத்து இதைச் செய்யலாமே என்று கேட்பார்கள். செய்யாதீர்கள். ஏர்சென்ஸ் 10-ன் பிளக்கில் மூன்றாவது ஊசி ஒன்று உண்டு. எந்த அடாப்டர் மாட்டியிருக்கிறது என்று இயந்திரம் அடையாளம் காண்பது அதன் வழியாக. இன்னொரு காரணம், அந்த மாட்யூலின் வோல்ட்டைத் தீர்மானிப்பது ஒரு குட்டித் திருகு. பயண ஆட்டத்தில் அது நகர்ந்து 24 என்பது 30 ஆனால், ஆயிரக்கணக்கான வெள்ளி இயந்திரம் அந்த இரவோடு சரி.

12 வோல்ட் இயந்திரக்காரர்கள் அதற்கென்று விற்கும் டிசி வயரையே வாங்குங்கள். என்ஜின் ஓடும்போது கார் பேட்டரியிலிருந்து ஓட்டாதே என்ற எச்சரிக்கை சில இயந்திரங்களின் கையேட்டில் இருக்கும். அப்போது வோல்ட் ஏறி இறங்கும் என்பதுதான் அதன் பொருள். அதே காரணத்துக்காகச் சார்ஜரோ சோலாரோ மாட்டியிருக்கும்போது அந்த இயந்திரங்களை இந்தப் பெட்டியில் ஓட்ட வேண்டாம்.

பழைய முதல் தலைமுறை ட்ரீம்ஸ்டேஷன் வைத்திருப்பவர்கள் பெட்டி கட்டுமுன், 2021 ஜூனில் வந்த திரும்பப் பெறும் அறிவிப்பில் தங்கள் இயந்திரம் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். உள்ளிருக்கும் ஒலியடக்கும் ஸ்பாஞ்ச் உதிர்வதுதான் காரணம். வெப்பமும் ஈரமும் அதை விரைவுபடுத்தும். வெயிலில் நிற்கும் காரின் பூட்டில் இயந்திரத்தைப் போட்டு வைக்கும் பழக்கமுள்ள நமக்கு இது முக்கியம்.

கட்டியது

தேவைப்பட்டவை எல்லாம் ஹார்ட்வேர் கடையிலும் கார் துணைப்பொருள் கடையிலும் கிடைத்தன: மூடி இறுகும் பிளாஸ்டிக் டூல் பாக்ஸ் ஒன்று, சதுர 2.5 மி.மீ. மென்கம்பி வயர் சிவப்பும் கறுப்பும் அரை மீட்டர் வீதம், மூடியுள்ள கத்தி ஃபியூஸ் பிடிப்பான், 10 ஆம்பியர் ஃபியூஸ் மூன்று, பித்தளைத் தொடுப்புள்ள லைட்டர் சாக்கெட், 20 ஆம்பியர் சுவிட்ச், வயர் நுனியில் அழுத்திப் பொருத்தும் வளைய லக் நான்கு, சுருங்கு குழாய், வயர் நுழையும் கிளாண்ட், பேட்டரியைக் கட்ட ஒரு பட்டை, அடியில் போடப் பழைய தூங்கும் பாயிலிருந்து வெட்டிய ஃபோம்.

வரிசை இது. பேட்டரியின் சிவப்பு முனை, அதிலிருந்து ஒரு சாணுக்குள் ஃபியூஸ், பிறகு சுவிட்ச், பிறகு வாட் மீட்டர், கடைசியாக சாக்கெட்டின் நடு ஊசி. கறுப்பு முனையிலிருந்து மீட்டர் வழியாக சாக்கெட்டின் வெளி உடம்பு. ஃபியூஸ் பேட்டரிக்கு ஒட்டி இருக்க வேண்டியதன் காரணம், அது காப்பது வயரை. பேட்டரிக்கும் ஃபியூஸுக்கும் நடுவில் வயர் நசுங்கி உரசினால் தடுக்க யாரும் இல்லை. இந்த வகை பேட்டரி ஒரு கணத்தில் கொட்டும் மின்சாரத்தில் வயர் உறை எரியும்.

ஃபியூஸ் ஏன் 10? சூடு எல்லாம் நின்றிருந்தால் ஓடுவது ஒரு ஆம்பியருக்கும் குறைவு. 5 ஆம்பியர் ஃபியூஸே தாராளம் என்று தோன்றும். ஆனால் யாராவது ஈரப்பதனியை மறந்து விட்டுவிட்டால் இயந்திரம் உச்சத்துக்குப் போகும்: 24 வோல்ட் பக்கம் 90 வாட், கன்வெர்ட்டர் இழப்போடு 100, அதை 12-ஆல் வகுத்தால் 8.3 ஆம்பியர். 5 ஆம்பியர் ஃபியூஸ் நடுராத்திரியில் அறுந்து காற்று நிற்கும். 10 போட்டால் பேட்டரி சீக்கிரம் காலியாகும், ஆனால் வாட் மீட்டரில் தெரிந்து திருத்த நேரம் இருக்கும். 2.5 மி.மீ. வயர் 10 ஆம்பியரைச் சிரமமில்லாமல் தாங்கும்.

வயரின் தடிமனைப் பற்றி இரண்டு வரி. 0.75 மி.மீ. வயரில் பேட்டரியைக் கூடாரத்துக்கு வெளியே மூன்று மீட்டர் தள்ளி வைத்தால், போக வர ஆறு மீட்டர், தடை 0.16 ஓம் அளவு. 5 ஆம்பியர் ஓடும்போது முக்கால் வோல்ட்டுக்கு மேல் வயரிலேயே போய்விடும். பேட்டரி சற்றுக் காலியாக இருக்கும் நேரத்தில் இந்த முக்கால் வோல்ட்டுதான் கன்வெர்ட்டரை அணைக்கும். பெட்டியைப் படுக்கைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டால் இந்தத் தொல்லையே இல்லை. லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரி மூடியது, சாதாரணமாக வாயு விடாது. ஈய பேட்டரி என்றால் சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் வரும். கூடாரத்துக்குள் சார்ஜ் போடாதீர்கள்.

லக்குகளைக் கிரிம்ப் இடுக்கியால் அழுத்துங்கள், ஈயம் வைத்து ஒட்டுவதைவிட அது மேல். ஆட்டத்தில் ஈயம் ஊறிய இடத்து விளிம்பில் கம்பி முறியும். அழுத்தியபின் வயரைப் பிடித்து வலுவாக இழுத்துப் பாருங்கள். வந்துவிட்டால் அது வர வேண்டியதுதான், இப்போதே வந்தது நல்லது.

கட்டி முடித்ததும் சோதனைக்குத் தனிச் சுமை தேட வேண்டாம். இயந்திரத்தின் ஈரப்பதனியே நல்ல சுமை. தொட்டியில் நீர் ஊற்றி, ஈரப்பதனி 8, சூட்டுக் குழாய் மாட்டி அரைமணி ஓட்டுங்கள். பிறகு ஒவ்வொரு இணைப்பாக விரலால் தொட்டுக்கொண்டே வாருங்கள்: லக், ஃபியூஸ் பிடிப்பானின் இரு பக்கம், சுவிட்சின் முதுகு, சாக்கெட். எங்கே விரல் நிற்க முடியவில்லையோ அங்கே இணைப்பு தளர்வு.

தவறியவை

விரல் நிற்காத இடம் சாக்கெட்தான். முதலில் போட்ட மலிவான சாக்கெட்டில் பக்கவாட்டு வில் மெல்லிய தகரம். செருகியை உருவிப் பார்த்தால் பக்கத் தொடுப்பைச் சுற்றிக் கறுப்பு பிளாஸ்டிக் பளபளத்துப் போய், ஒரு ஓரம் மெழுகு போல் வழிந்து நின்றது. காரணம் எளிது. தொடுப்பில் 0.2 ஓம் தடை இருந்தால், 4 ஆம்பியரில் 3 வாட்டுக்கு மேல் சூடு ஒரு மொச்சைக் கொட்டை அளவு இடத்தில் சேரும். அதே தொடுப்பில் 0.7 ஆம்பியர் என்றால் 0.1 வாட்; ஒன்றும் தெரியாது. சூட்டை நிறுத்தி ஓட்டுகிறவருக்கு மலிவான சாக்கெட்டும் பாதகமில்லாமல் ஓடியிருக்கும். மாற்றியது: பித்தளைத் தொடுப்புள்ள கனமான சாக்கெட், செருகி நழுவாமல் இருக்க ஒட்டும் பட்டை ஒன்று. லைட்டர் செருகியை வெட்டி, எக்ஸ்டி60 என்ற இறுகப் பிடிக்கும் இணைப்பியைப் போடுவது இன்னும் உறுதி. ஆனால் உத்தரவாதம் போகும்; செருகியின் மூக்குக்குள் இருக்கும் குட்டி ஃபியூஸும் அதோடு போகும் என்பதை மறக்கக் கூடாது.

அடுத்தது, வாட் மீட்டரைச் சுவிட்சுக்கு முன்னால் பேட்டரியோடு நேராக மாட்டியது. அதன் விளக்கும் எண்களும் இழுப்பது 20 மில்லி ஆம்பியர்தான். ஆனால் நாள் முழுக்க, மாதம் முழுக்க: 14 ஆம்பியர்-மணிக்கு மேல். நிறைத்து அலமாரியில் வைத்த பெட்டி ஒன்றரை மாதத்தில் செத்துக் கிடக்கும். ஆகவே சுவிட்சுக்கு அப்புறம்தான் மீட்டர். அணைத்தால் எண்ணிக்கை அழியும் மீட்டராக இருந்தால் காலையில் எண்ணைத் தாளில் எழுதிவிட்டு அணையுங்கள்.

பெட்டி திடீரென்று 0 வோல்ட் காட்டினால் பேட்டரி போய்விட்டது என்று தூக்கிப் போடாதீர்கள். பிஎம்எஸ் கதவைச் சாத்தியிருக்கும். ஒன்று, செல் 2.5 வோல்ட்டுக்குக் கீழே போயிருக்கும்; இல்லையென்றால் எங்கோ குறுக்கு மின்னோட்டம். சுமையைக் கழற்றி, இந்த வகைக்கான சார்ஜரை மாட்டினால் பெரும்பாலும் எழுந்துகொள்ளும்.

கூடாரத்துக்குள்

பெட்டியை நிலத்தில் வைக்காமல் ஒரு பலகை மேல் வையுங்கள். இயந்திரம் பெட்டிக்குப் பக்கத்தில், படுக்கைக்குக் கீழ்மட்டத்தில். காற்று இழுக்கும் பக்கம் துணியோ பையோ மூடக் கூடாது. கொசுவத்திச் சுருளை இயந்திரத்தின் பக்கத்தில் கொளுத்தாதீர்கள். அந்தப் புகையை அது இழுத்து நேரே நுரையீரலுக்கு அனுப்பும். விறகுப் புகைக்கும் இதே விதி: காற்று வரும் திசையைப் பார்த்துக் கூடாரத்தைப் போடுங்கள். எறும்பு மாஸ்க்கின் ஈரத்தைத் தேடி வரும். பகலில் மாஸ்க்கையும் குழாயையும் ஜிப் பைக்குள் போட்டுவிடுங்கள். மாஸ்க் கழுவக் குடிநீர்தான், ஆற்று நீர் வேண்டாம்.

கேமரன் மலையில் நிலைமை வேறு. தொட்டியில் நீர் வைத்தால் குளிரில் குழாய்க்குள் நீர்த்துளி கோத்து, மூக்கில் சில்லென்று வந்து விழும். குழாயைக் கைலித் துணியால் சுற்றிப் போர்வைக்குள் விடுங்கள். பாதித் தொல்லை தீரும். உயரத்தால் அழுத்தம் மாறுமோ என்ற கவலை ஏர்சென்ஸ் 10-க்கு வேண்டாம். 2,591 மீட்டர் வரை தானே சரிசெய்துகொள்ளும்.

இரவில் காற்று நின்றுவிட்டால் மாஸ்க்கைக் கழற்றுங்கள். முழுமுக மாஸ்க்கில் வெளிக்காற்றைத் திறந்துவிடும் பாதுகாப்பு வால்வு இருக்கும். ஆனாலும் இயந்திரம் ஓடாதபோது எந்த மாஸ்க்கையும் முகத்தில் வைத்திருக்கக் கூடாது, விட்ட மூச்சையே திரும்ப இழுக்க நேரும். தலையை உயர்த்தி ஒருக்களித்துப் படுப்பது அன்றிரவைக் கடத்த உதவும். மறுநாள் காரை வேறு ஒருவர் ஓட்டட்டும். தூக்கம் கெட்ட உடம்போடு நெடுஞ்சாலையில் ஏறுவது, காட்டில் கழித்த அந்த இரவைவிட ஆபத்து.

முன்னெச்சரிக்கைக்கு வோல்ட் குறைந்தால் கத்தும் சின்ன பஸ்ஸர் ஒன்று சுவிட்சுக்கு அப்புறம் மாட்டி, 12.5 வோல்ட்டில் வைத்தோம். அது கத்திய பிறகும் இந்தப் பெட்டியில் ஒரு மணி நேரத்துக்கு மேல் இயந்திரம் ஓடியது.

திரும்ப நிறைப்பது

வீட்டில் 14.6 வோல்ட், 5 ஆம்பியர் சார்ஜர். காலியிலிருந்து நாலரை மணி நேரம் பிடிக்கும். லித்தியம் இரும்பு பாஸ்பேட்டுக்கென்று எழுதியிருக்க வேண்டும். ஈய பேட்டரி சார்ஜர்களில் சில, தகட்டைச் சுத்தம் செய்ய 15 வோல்ட்டுக்கு மேல் ஏற்றும். பிஎம்எஸ் அதைப் பார்த்துக் கதவைச் சாத்தும்.

முகாமில் சோலார் என்றால் இடத்தைப் பொறுத்தது. திறந்த மணல் திட்டில் 60 வாட் மடிப்புப் பலகை 35 முதல் 40 வாட் கொடுத்தால் நல்லது. ஒரு இரவின் 71 வாட்-மணியை இரண்டு மணி நேரத்தில் திரும்பப் பெறலாம். மரத்தடியில் நாள் முழுக்க விரித்தாலும் தேறாது. பலகையில் ஒரு மூலையில் இலை நிழல் விழுந்தாலே வரிசை முழுவதும் தணிந்துவிடும். நம் பக்கம் மழை பெரும்பாலும் பின்னேரம்தான். காலை ஒன்பதிலிருந்து ஒரு மணிக்குள் வேலையை முடித்துக்கொள்ளுங்கள். சார்ஜ் கன்ட்ரோலரில் முதலில் பேட்டரி, பிறகு பலகை. கழற்றும்போது முதலில் பலகை.

ஜெனரேட்டர் இருக்கிறதே என்பவர்களுக்கு: அதன் புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடு மணக்காது. கூடாரத்துக்குப் பக்கத்தில், அதுவும் காற்றை இழுத்து மூக்கில் விடும் இயந்திரத்தோடு, அது வேண்டவே வேண்டாம். பகலில் தூரத்தில் ஓட்டிப் பெட்டியை நிறைத்துக்கொள்ளுங்கள், அவ்வளவுதான்.

ஊர் திரும்பியதும் இயந்திரத்தின் வடிகட்டியைக் கழற்றிப் பாருங்கள். சாம்பல் நிறமாகியிருந்தால் புதியது போடுங்கள். ஏர்பிளேன் மோடை எடுத்துவிடுங்கள். பேட்டரியைப் பாதி அளவு சார்ஜில், சுவிட்சை அணைத்து, வெயில் படாத அலமாரியில் வையுங்கள். அடுத்த பயணத்துக்கு முதல் நாள் மாலை நிறைத்தால் போதும். மாற்று ஃபியூஸ் இரண்டையும் மூடியின் உட்புறம் டேப்பால் ஒட்டி வையுங்கள். இருட்டில், மழையில் தேடும்போது கை போகும் இடம் அதுதான்.